வில்லில் கட்டாத நாண்

தம்பி,

நேற்று மாலை என் மருமகள் மலர் என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். உனக்குச் சொல்லாமல்தான் அழைக்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். அதற்காக அவளைக் கோபித்துக்கொள்ளாதே. படூர்க் கல்லூரியில் ஏழு வருடமாக வாலிபால் துணைப் பயிற்சியாளனாக இருக்கும் உன்னையே தலைமைப் பயிற்சியாளனாக இருக்கும்படி நிர்வாகம் கேட்டிருக்கிறதாம். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். நீ வேண்டாம் என்று சொல்லப் போகிறாயாம். "ஏன்னு கேட்டா சிரிக்கிறாரு, மாமா. நான் செகண்ட் ஸ்டிரிங்குடி, பக்கத்துல நிக்கத்தான் லாயக்கு, முன்னால நிக்க வராதுங்கிறாரு. அப்படின்னா என்ன மாமா? ஏதாவது வியாதியா?" என்று கேட்டாள். பாவம், நிஜமாகவே பயந்திருந்தாள். வியாதி இல்லையம்மா, விளையாட்டில் சொல்கிற ஒரு ஆங்கிலச் சொல் என்றேன். அந்தச் சொல்லைப் பற்றி நீ என்னிடம் ஒருமுறை கேட்டாய். பதின்மூன்று வருடம் ஆகிறது. அன்று நான் பாதிப் பதில்தான் சொன்னேன். மீதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தபாலில் போட்டால் திங்களுக்குள் வந்து சேராது. நாளைக் காலை நானே படூர் வந்து, நீ கடைக்குப் போகும் நேரம் பார்த்து, மலரிடம் கொடுத்துவிட்டுச் செங்கல்பட்டுக்குத் திரும்பிவிடுவேன். உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு இதைச் சொல்ல வராது. என் சுபாவம் உனக்குத் தெரியும். உனக்குத் தெரிந்த வேறு பலவற்றையும் இதில் எழுதியிருக்கிறேன், பொறுத்துக்கொள். நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன் நான். இடம் தெரிந்த கல் ஒன்றிலிருந்து தொடங்காமல் எந்த அளவையும் எடுத்துப் பழக்கமில்லை.

அந்தக் கல் கோவளம். தொண்ணூறுகளின் நடுவில் கடற்கரைச் சாலைக்காக நிலம் அளக்கும் வேலையில் என்னைப் போட்டார்கள். உன் அம்மா, நீ, நான் மூவரும் கோவளத்தில் வாடகைக்கு வீடு எடுத்து வந்தோம். படகுகளை மேலே இழுத்துப் போட்ட பிறகு மாலையில் அந்த மணல் மைதானத்தில் வலை கட்டி ஆடுவார்கள். பேருந்து நடத்துநர் கன்னியப்பன் வேலை முடிந்து காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்து பயிற்சி கொடுப்பார். என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்பதற்காக என்னை அவர்கள் வாலிபால் சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கினார்கள். போட்டிகளுக்கு விண்ணப்பம் எழுதுவது என் வேலை. படிவத்தில் மேலே இருக்கும் ஆறு பெயர் ஆடுகிறவர்கள், கீழே இருப்பவர்கள் மாற்று ஆட்டக்காரர்கள். உன் இடம் செட்டர். அந்த இடத்துக்கு இரண்டு பேர் இருந்தீர்கள், நீயும் ரஃபீக்கும்.

ஒரு அணி மூன்று முறை பந்தைத் தொடலாம் என்றால் நடுத் தொடுதல் செட்டருடையது. வருகிற பந்தை விரல் நுனியில் வாங்கி, அடிப்பவனுக்குத் தோதாகத் தூக்கிக் கொடுக்க வேண்டும். அடித்தவனுக்குத்தான் கைதட்டல். உங்கள் இருவரில் யாரை ஆறில் எழுதுவது என்று ஒவ்வொரு தடவையும் சச்சரவு வந்ததால், நானே ஒரு வழி சொன்னேன். பயிற்சியில் ஆளுக்கு ஐம்பது பந்து. சரியாகத் தூக்கியது எத்தனை என்று நான் எண்ணி நோட்டில் எழுதுவேன். நோட்டு சொல்வதை எல்லோரும் ஏற்க வேண்டும். கன்னியப்பனுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. அதன் பிறகு யார் என்ன கேட்டாலும் "நோட்டு பேசும், நாம பேசக்கூடாது" என்பார்.

நோட்டு பேசவில்லை தம்பி. பேசியது நான்.

முதல் வாரமே நான் எண்ணியதில் நீதான் மேலே இருந்தாய். மறுநாள் காலை டீக்கடையில் என் முதுகுக்குப் பின்னால் ஒருவன் சொன்னான், "அப்பங்காரன் கையில நோட்டு கீது, புள்ள பேரு இல்லாம பூடுமா?" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் சொல்வது உண்மையாக இருந்தால் என்ன செய்வது என்ற பயம் வந்துவிட்டது. தகப்பன் கண் அல்லவா, பிள்ளை தூக்கிய கோணல் பந்தும் அதற்கு நேராகத் தெரிந்திருக்கலாம். எங்கள் வேலையில் இதற்கு ஒரு வழி உண்டு. அளவுச் சங்கிலியை வெயிலிலும் சேற்றிலும் இழுத்து இழுத்து அது நீண்டுவிடும். நீண்ட சங்கிலியால் அளந்ததற்குக் கணக்குப் போட்டுத் திருத்தம் செய்வோம். என் கண்ணும் நீண்டுபோன சங்கிலி என்று வைத்துக்கொண்டேன். உன் எண்ணிக்கையில் மட்டும் பத்துக்கு ஒன்று கழித்தேன். எண்ணியதைப் பென்சிலில் எழுதிக்கொள்வேன். வீட்டுக்கு வந்து, கழித்ததை மையால் எழுதுவேன். ரஃபீக்குக்கு முப்பத்தொன்பது. உனக்குப் பென்சிலில் நாற்பத்திரண்டு, மையில் முப்பத்தெட்டு. கணக்குப்படி முப்பத்தேழே முக்காலுக்கு மேல்தான் வந்தது. அதை முப்பத்தெட்டாக்கியதையே நான் தாராளம் என்று நினைத்தேன்.

அந்தக் காணும் பொங்கலன்று மாமல்லபுரத்தில் நடந்த போட்டி உனக்கு நினைவிருக்கும். எனக்கு அதன் ஒவ்வொரு பந்தும் நினைவிருக்கிறது. கடற்கரைக்கு வந்த கூட்டம் மொத்தமும் மைதானத்தைச் சுற்றி நின்றது. ஆளுக்கொரு செட் ஜெயித்து, மூன்றாவதில் நாம் நான்கு, அவர்கள் பதினொன்று. அப்போது ரஃபீக்கின் சுண்டுவிரல் பிசகிவிட்டது. கன்னியப்பன் உன்னைப் பார்த்துக் கத்தினார், "இன்னாடா குந்திகினு கீற, எழுந்து போ!" நீ சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு உள்ளே போனாய்.

அன்று நான் பார்த்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கடல் காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. ரஃபீக் தூக்கிய பந்துகளை அது அரைக் கெஜம் தள்ளிக்கொண்டு போனது. நீ முதல் பந்தை அடிப்பவனுக்குத் தூக்கவே இல்லை. அவனுக்கு இரண்டடி கிழக்கே, யாருமே இல்லாத இடத்தில், கடலைப் பார்த்துத் தூக்கினாய். தப்பாகத் தூக்கிவிட்டாய் என்று நினைத்து நான் கண்ணை மூடிக்கொண்டேன். கூட்டம் இரைந்தது. கண்ணைத் திறந்தபோது பந்து எதிர்ப்பக்கம் தரையில் கிடந்தது. அடுத்த தடவை கண்ணை மூடவில்லை. பந்து உன் விரல்களில் பட்ட ஓசையே கேட்கவில்லை. மேலே போனது, காற்றில் மெல்லத் திரும்பியது, அடிப்பவன் எழும்பிய நேரத்துக்கு அவன் உள்ளங்கைக்கு எதிரே வந்து நின்றது. நான் முக்காலி வைத்து, மட்டக்குமிழி பார்த்து, மூன்று முறை படித்துத்தான் ஒரு கோணத்தை எழுதுவேன். நீ ஓடிக்கொண்டே, அண்ணாந்து பார்த்தபடி, காற்றையும் தூரத்தையும் அவன் எழும்பும் உயரத்தையும் சேர்த்து அளந்தாய். உன்னை எனக்கு அடையாளமே தெரியவில்லை. என் வீட்டில் சாப்பிட்டு என் பாயில் தூங்குகிற பையனுக்குள் இப்படி ஒன்று இருந்திருக்கிறது, நான் அதை இத்தனை நாள் நோட்டில் எண்களாக எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று தோன்றியது. சர்வீஸ் போடுகிறவர்களுக்குத்தான் பாயிண்ட் என்று இருந்த அந்தக் காலத்தில் பதின்மூன்று வரை வந்து, பதினைந்துக்குத் தோற்றோம். தோற்றவர்களுக்காகக் கூட்டம் கைதட்டி அன்றுதான் பார்த்தேன்.

சென்னையிலிருந்து வந்திருந்த வயதான நடுவர் என்னிடம் வந்து ஆங்கிலத்தில் கேட்டார், இந்தப் பையன் ஏன் ஃபர்ஸ்ட் ஸ்டிரிங்கில் இல்லை என்று. நான் தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ முனகினேன். நீ பக்கத்தில் பந்துப் பையைக் கட்டிக்கொண்டிருந்தாய். பேருந்தில் நின்றுகொண்டே வரும்போது கேட்டாய். வீட்டில் எங்களைப் போலப் பேசுகிற நீ, மைதானத்திலிருந்து வரும்போது மட்டும் கன்னியப்பனைப் போலப் பேசுவாய்.

"ஃபர்ஸ்ட் ஸ்டிரிங்னா இன்னாப்பா? அந்தப் பெரியவரு உங்களாண்ட சொன்னாரே."

"எப்பவும் ஆடுறவங்கடா. அணியில நிரந்தரமா இருக்கிறவங்க."

"அப்போ நானு?"

"மத்தவங்க செகண்ட் ஸ்டிரிங்."

"ஸ்டிரிங்னா கயிறுதானே? ஆளுக்கும் கயிறுக்கும் இன்னா சம்பந்தம்?"

தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பார்த்தேன். அடுத்த வாரம் அலுவலக வேலையாகச் செங்கல்பட்டுக்கு வந்தபோது நூலகத்தில் பெரிய அகராதிகளை எடுத்து வைத்து ஒரு மதியம் முழுக்கப் படித்தேன். குறிப்பும் எடுத்தேன். உன்னிடம் சொல்லவில்லை. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அந்தச் சொல் வில்லிலிருந்து வந்தது என்கிறார்கள். துப்பாக்கி வருவதற்கு முன்னால் இங்கிலாந்தின் வில்லாளிகள் ஒரு நாணை வில்லில் கட்டிக்கொண்டு, இன்னொன்றைக் கையோடு வைத்திருப்பார்களாம். மழையில் நனைந்தால் நாண் கெட்டுவிடும் என்பதால் மாற்று நாணைச் சுருட்டித் தொப்பிக்குள், தலைமேலேயே வைத்துக்கொள்வது உண்டாம். வில்லில் இருப்பது முதல் நாண், தொப்பிக்குள் இருப்பது இரண்டாம் நாண். போகப் போக அந்தப் பேச்சு ஆட்டக்களத்துக்கு வந்து, எப்போதும் ஆடுகிறவர்கள் முதல் நாண், உட்கார்ந்திருப்பவர்கள் இரண்டாம் நாண் என்றாகிவிட்டது. பந்தயக் குதிரைகளை வரிசையாகக் கட்டுவதிலிருந்து வந்தது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு நான் படித்தவன் இல்லை. ஆனால் வில் என்று படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கோ பெய்த ஒரு மழையில் யாரோ தலையில் சுருட்டி வைத்திருந்த நான்கு முழக் கயிறு, இத்தனை நூற்றாண்டு தாண்டி, கோவளத்து மணலில் உன்னைத் தேடி வந்திருக்கிறதே என்று இருந்தது. கூடவே இன்னொன்றும் தோன்றியது. இரண்டு நாணும் ஒரே நூலில், ஒரே கையால் திரித்தவையாக இருக்கலாம். எது முதல் என்பது கட்டுகிறவன் எதை எடுக்கிறான் என்பதைப் பொறுத்தது. இதை உன்னிடம் சொன்னால், கட்டியது யார் என்று நீ கேட்பாய். அதனால்தான் சொல்லவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நான் செய்ததில் பெரிய தவறு. ரஃபீக்கின் விரல் குணமாக ஒரு மாதம் ஆயிற்று. அந்த மாதம் நீ ஆடினாய். பிறகு மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் வரப்போகும் போட்டிக்குப் படிவம் எழுத வேண்டியிருந்தது. ஆறு பேரில் ஆடினால்தான் அவர்கள் கண்ணில் படலாம். மைதானத்தில் எல்லோரும் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தீர்கள். ரஃபீக் தானாகக் கன்னியப்பனிடம் சொன்னான், "அண்ணாத்த, இவனே ஆடட்டும். இவன் கைக்கு என் கை வராது." கன்னியப்பன் அவனை அதட்டினார், "நீ கம்முனு இர்றா. சார், நோட்டு இன்னா சொல்லுது?"

மாமல்லபுரத்தில் பார்த்ததற்குப் பிறகும், தம்பி, நான் மையைத்தான் படித்தேன். ரஃபீக் என்றேன். நீ தலையை ஆட்டினாய். பிறகு எழுந்து போய் எல்லோருக்கும் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தாய். எனக்கும் கொடுத்தாய். மாவட்ட அணிக்கு நம் ஆறில் இருவரை எடுத்தார்கள். ரஃபீக் அதில் ஒருவன். நீ அடுத்த நாளும் பயிற்சிக்கு வந்தாய், அதற்கு அடுத்த நாளும் வந்தாய். இரண்டு வருடம், ஒரு நாள் தவறாமல். அந்தப் பொறுமைக்கு முன்னால் நிற்க எனக்கு இன்றும் பயமாக இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு வருடத்தில்தான் நீ உன்னை இரண்டாவது என்று நம்பக் கற்றுக்கொண்டாய் என்பது, மலர் நேற்றுச் சொல்லும்வரை எனக்குத் தெரியாது.

அலுவலகத்தில் ஒரு சங்கிலிக்குத் திருத்தம் போடுவதற்கு முன், தரையில் பதித்த இரண்டு கல்லுக்கு நடுவே அதை நீட்டிப் பார்க்க வேண்டும். நீண்டிருக்கிறதா, எவ்வளவு என்று தெரிந்த பிறகுதான் திருத்தம். என் கண்ணை நான் எந்தக் கல்லிலும் வைத்துப் பார்க்கவில்லை. சோதிக்காத சங்கிலிக்குத் திருத்தம் போட்டேன். துறையில் இதைச் செய்திருந்தால் என்னை வேலையிலிருந்து நிறுத்தியிருப்பார்கள். இரவெல்லாம் இதே நினைப்பு. காலையில் முதல் பேருந்தைப் பிடித்துக் கோவளம் போனேன்.

கன்னியப்பன் ஓய்வு பெற்று, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே மகன் நடத்தும் கடையில் உட்கார்ந்திருக்கிறார். தலை முழுக்க நரைத்துவிட்டது, குரல் அப்படியே இருக்கிறது. "வா சார், வா. எங்க இவ்ளோ தூரம்? நாஸ்தா துன்னியா?" என்றார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே, பென்சிலையும் மையையும் பற்றிச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டேன். அவர் தன் சட்டையின் இரண்டு பக்கமும் தட்டிக் காட்டினார்.

"காக்கி சட்டைல ரெண்டு பாக்கெட்டு கீதுல்ல சார். நீ எண்ணிக்கினு கீறப்ப நானும் எண்ணுவேன். எனக்கு நோட்டெல்லாம் வராது. ரஃபீக்கு நல்லா தூக்குனா ஒரு கிளிஞ்சலை எடுத்து இந்தப் பக்கம் போடுவேன், உன் புள்ள தூக்குனா இந்தப் பக்கம். வூட்டுக்குப் போயி சட்டைய கழட்டசொல்ல வலது பாக்கெட்டுதான் கனமா தொங்கும். தெனமும்."

"வலது பக்கம் யாருக்கு?"

"உன் புள்ளைக்குத்தான், வேற யாருக்கு?"

"அப்ப ஏன் ஒரு நாள்கூடச் சொல்லல நீங்க?"

"இன்னா சார் பேசற நீ? நீ படிச்சவன், ஊரையே அளக்கறவன். நான் கிளிஞ்சல் பொறுக்கறவன். நோட்டு தப்பா இருக்காது, என் கண்ணுதான் பேஜாரு பண்ணுதுன்னு கம்முனு இருந்தேன்." அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "உன் கண்ணு மேல உனுக்கு டவுட்டு. என் கண்ணு மேல எனக்கு டவுட்டு. நடுவுல பூட்டான் பாரு பையன்."

நான் அங்கேயே, கடை வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். என் கண் சரியாக இருந்திருக்கிறது. பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு ஒரு நடத்துநரின் சட்டைப் பையில் அதற்கான கல் கிடைத்தது. சந்தோஷப்படவா, தலையில் அடித்துக்கொள்ளவா என்று தெரியவில்லை. கிளம்பும்போது கன்னியப்பன், "அவன் வேணாம்னு சொன்னான்னு வை, நானே படூருக்கு வந்து காதைத் திருகுவேன்னு சொல்லு" என்றார். சொல்லிவிட்டேன்.

திரும்பும் வழியில் மாமல்லபுரத்தில் பேருந்து மாற வேண்டும். மாறாமல், தேவி சிங்கத்தின் மேல் அமர்ந்து அசுரனோடு போரிடும் அந்தக் குகைக்குப் போனேன். வருடக்கணக்கில் அதைக் கடந்து வேலைக்குப் போனவன், வில்லுக்காகப் பார்த்ததில்லை. நாண் எங்கே என்று தேடினேன். கண்புரை அறுவை செய்த கண். குகைக்குள் வெளிச்சமும் குறைவு. கல்லில் நாணைச் செதுக்கியிருக்கிறார்களா, காலத்தில் தேய்ந்துவிட்டதா, எனக்கு மட்டும்தான் தெரியவில்லையா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் வில் வளைந்திருக்கிறது. வில் வளைந்திருந்தால் அதை ஒரு நாண் பிடித்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? பள்ளிப் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு போனார்கள். நான் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தேன். ரஃபீக் ஆடிய இரண்டு வருடமும், தினம் மாலை அவனுக்கு எதிரே நின்று ஐம்பது பந்து தூக்கியவன் நீ. உன்னை எட்டிப் பிடிக்கத்தான் அவன் அவ்வளவு நன்றாக ஆடினான். கல்லூரியில் ஏழு வருடமாக யாரோ ஒருவர் பெயரில் ஜெயிக்கிற அணியையும் வளைத்துப் பிடித்திருப்பது யார் என்று நிர்வாகத்துக்குத் தெரிந்திருக்கிறது. நான்தான் மெதுவாகப் படிக்கிறவன்.

இந்தக் கடிதத்தோடு, வருடத்துக்கு ஒன்றாக நான் எழுதிய அந்த இரண்டு நோட்டுகளையும் வைத்திருக்கிறேன். அளவுப் புத்தகத்தில் எதையும் அழிக்கக் கூடாது என்பது துறையின் விதி. தவறை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். என்ன தவறு, யார் செய்தது என்பது பின்னால் வருகிறவனுக்குத் தெரிய வேண்டும். இன்று மதியம் முழுக்க உட்கார்ந்து, உன் பெயருக்கு நேரே மையில் எழுதிய ஒவ்வொரு எண்ணையும் சிவப்புக் கோட்டால் அடித்து ஒப்பமிட்டிருக்கிறேன். கீழே பென்சில் எண்கள் கொஞ்சம் மங்கியிருக்கின்றன. வெளிச்சத்தில் வைத்துப் படி.

எனக்கு உபதேசம் செய்ய வராது. செய்யும் தகுதியும் இல்லை. திங்கட்கிழமை நீ என்ன சொல்வாய் என்பது உன் விருப்பம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். பதில் வேண்டாம் என்பதானால், அது உனக்கு வேண்டாம் என்பதற்காக இருக்கட்டும். என் மையை நம்பிச் சொல்லாதே. ஆமாம் என்பதானால், நாளைக்கு நீயும் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு உட்காருவாய், உனக்குப் பிரியமான பிள்ளை ஒருவன் உன் எதிரே நிற்பான். அப்போது உன் கண்ணை முதலில் சோதித்துக்கொள். சரியாக இருந்தால், அது சொல்வதை எழுது.

திங்கள் மாலை உன் மைதானத்துக்கு வருகிறேன். நீ பக்கத்தில் நின்றாலும் முன்னால் நின்றாலும் வருவேன். நோட்டு, பென்சில் எதுவும் கொண்டுவரமாட்டேன். ஓரமாக உட்கார்ந்து பார்ப்பேன்.

அப்பா